எழுதாத வாடகை

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் செட் செய்கிறவள், வயதிலும் மூத்தவள், இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்ட பெயர். "பேர்லதான் பல்லக்கு, போறதெல்லாம் நடந்துதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அவளுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் வார்த்துத் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவர்களை அவளுக்குத் தெருவில் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர்களுக்கு அவளைத் தெரியாது.

அவள் குடியிருந்தது தம்பியின் வீட்டில். மாடியில் தம்பியும் அவன் மனைவியும், கீழே பல்லக்கா. முன்பக்கத்து அறையில் கட்டிலும் அடுப்பும். பின்பக்கத்து அறையில் பட்டறை. பட்டறைக்கு வழி சந்துப் பக்கம் மட்டும்தான். மேஜை மேல் வெள்ளை வெள்ளையாக வாய்கள் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். முதல்முறை வருகிறவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே நுழைவார்கள்.

அந்த வீட்டுக்கு அவள் வந்த கதை சின்னதுதான். அப்பா போனபின் பழைய வீடு இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. தம்பி டைல்ஸ் கடை போட்டிருந்தான். பழைய வீட்டை விற்றுவிட்டுக் கடைக்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டப் பார்த்தான். கையெழுத்துப் போடு என்றான், போட்டாள். எந்த இடத்தில் என்று மட்டும்தான் கேட்டாள்.

"கீழ் வீடு உனக்குத்தான்கா. நீ இருக்கிற வரைக்கும் உன்னை யாரும் அசைக்க முடியாது" என்றான் தம்பி.

"சும்மா இருக்க மாட்டேன்டா. வாடகை குடுப்பேன்."

"தம்பி வீட்டுல வாடகையா? நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வாயைத் திறந்து சிரிச்சாத்தானே எனக்கு வேலை கிடைக்கும்."

புருஷன் செத்த நாளிலிருந்து அவள் யார் வீட்டிலும் ஒண்டியதில்லை. அது அவளுக்கு ஒரு திமிர். அந்தத் திமிரைத் தம்பி அறிவான். அதனால் மேலே வாதாடவில்லை. "சரி, எழுதிக்கலாமா?" என்று அவள் பாதி விளையாட்டாகக் கேட்டபோதுதான் அவன் முகம் சுருங்கியது. "நமக்குள்ள எழுத்து எதுக்குக்கா" என்றான். அவளுக்கே கேட்டது அசிங்கமாகப் போய்விட்டது.

அதன்பின் மாதம் பிறந்தால் முதல் வேலையாக மாடி ஏறி வாடகையைத் தம்பி மனைவியின் கையில் கொடுத்துவிடுவாள். அந்த நேரத்தில் தம்பி கடையில் இருப்பான். இரண்டு பெண்களுக்கும் ஒத்துப்போனதில்லை. அக்ரிலிக் வாடை மாடி வரைக்கும் வருகிறது என்று அவளுக்குக் குறை. கொடியில் காய்கிற துணியிலிருந்து தன் வாசலில் தண்ணீர் சொட்டுகிறது என்று இவளுக்குக் குறை. வாசலில் நின்றே பணம் கைமாறும். "வரேன்" என்பாள் பல்லக்கா. "சரிங்க அண்ணி" என்பாள் அவள். அவ்வளவுதான் பேச்சு.

தம்பியிடம்தான் பேச்சு. கடை மூடிவிட்டு வருகிறவன் மாடிக்குப் போகுமுன் பட்டறையில் ஸ்டூலைப் போட்டு உட்காருவான். அவனுடைய முன்பல் ஒன்று கல்யாணத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் போய்விட்டது. அதைச் செய்து கொடுத்தவள் அக்காதான். நிறம் சரியாக வரவில்லை என்று மூன்று பல்லைத் தூக்கிப் போட்டாள். நாலாவது பல், எது சொந்தம் எது செட் என்று டாக்டரே தடுமாறும்படி அமைந்தது.

அந்த ஸ்டூலில் அவன் உட்காருவது ஒரு கட்டத்தில் நின்றுபோனது. சந்துப் பக்கம் வராமல் முன்வாசல் வழியாகவே மாடிக்குப் போய்விடுவான். கடையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்தது. ஏறிப் போய்க் கேட்டாள். "மோட்டார் ரிப்பேர்" என்றான் தம்பி, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. மாடியில் துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தும் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. தம்பி சொல்லும்போது ஏன் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிப் பிளாஸ்டர் குழைத்தாள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் ஒரு செட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது பட்டறைக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது.

உள்ளே பாதி முடிந்த வேலைகள் கிடந்தன. மறுநாள் கிடைக்கவேண்டிய பல்லுக்காக எவரோ ஒருவர் காத்திருந்தார். அவள் நேரே டைல்ஸ் கடைக்குப் போனாள். தம்பி ஒரு தம்பதிக்குக் குளியலறை டைல்ஸ் காட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வாஷ்பேசின்கள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிப் போனான்.

"பட்டறைல யாரோ பூட்டு போட்டிருக்காங்கடா."

"நான்தான் போட்டேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. "எதுக்கு?"

"அத்தைக்கு முட்டி போயிடுச்சு. மாடி ஏற முடியல. கீழதான் கொண்டுவந்து வச்சுக்கணும். நீ வேற இடம் பாத்துக்கக்கா."

அத்தை என்றது அவன் மாமியாரை. அந்த அம்மாள் மேல் பல்லக்காவுக்கு எந்த வருத்தமும் இல்லை. "இதைச் சொல்றதுக்குப் பூட்டாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"வியாபார நேரத்துல வந்து நிக்காதக்கா. அப்புறம் பேசலாம்."

சாயங்காலம் வரைக்கும் சந்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்தான், முன்வாசல் வழியாக மாடிக்குப் போனான். இறங்கி வரவில்லை.

மறுநாள் பல் டாக்டர்தான் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பிவைத்தார். பல்லக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தப்பு செய்தவள் மாதிரி, "எழுத்து எதுவும் இல்லைங்க" என்றாள்.

"எழுத்து இல்லேன்னா உரிமை இல்லேன்னு அர்த்தம் இல்லம்மா" என்றாள் வக்கீலம்மா. "நீங்க மாசாமாசம் வாடகை குடுக்கிறீங்க, அவங்க வாங்குறாங்க. அதுவே ஒப்பந்தம்தான். மாச வாடகைக் குடித்தனம். அதை முடிக்கிற உரிமை அவருக்கு இருக்கு, அதையும் சொல்லிடறேன். இங்க சட்டப்படி காரணம்கூட சொல்ல வேண்டியதில்ல. ஆனா எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். ஒரு முழு மாசமாவது அவகாசம் விடணும், அது வாடகை மாசம் முடியற நாள்ல முடியணும். அப்பவும் நீங்க காலி பண்ணலேன்னா கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கணும். பூட்டுறது, தண்ணிய நிறுத்துறது, சாமானைத் தூக்கி வெளியில வைக்கிறது, இதெல்லாம் அவர் செய்யவே கூடாது."

"நோட்டீஸ் எல்லாம் எதுக்குங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வண்டி பிடிச்சுப் போயிருப்பேன்."

"இப்பவும் போகலாமே."

பல்லக்கா தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். மெழுகு சுட்டுச் சுட்டுத் தடித்துப்போன விரல்கள். "கேக்கட்டும்" என்றாள்.

வக்கீலம்மா எழுதிய கடிதம் போனதும் பூட்டுத் திறந்தது, தண்ணீர் வந்தது. தம்பி மட்டும் வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, தலைக்கு மேல் அவன் நடக்கிற சத்தம் கேட்கும். எந்த நேரத்தில் எந்த அறையில் இருக்கிறான் என்று அவளுக்குக் காலடியை வைத்தே தெரியும். அந்தக் காலடி படியிறங்கி வந்து ஒருதரம் தன் வாசலில் நிற்காதா என்று காத்திருந்தாள். வந்து நின்றது கோர்ட் ஆள்.

மனுவை வக்கீலம்மாதான் படித்துச் சொன்னாள். மனுதாரர் தன் உடன்பிறந்தவள் என்ற இரக்கத்தால் எதிர்மனுதாரரைத் தன் வீட்டில் தங்க அனுமதித்தார். எதிர்மனுதாரர் ஒருபோதும் வாடகை எதுவும் செலுத்தியதில்லை. விருந்தினராகத் தங்கியவர் இப்போது வெளியேற மறுக்கிறார்.

"மறுபடி படிங்க" என்றாள் பல்லக்கா.

வக்கீலம்மா மறுபடி படித்தாள்.

"வாடகை எதுவும்னு போட்டிருக்கா? எதுவும்னா?"

"ஆமாம்மா. இது ஒரு குறுக்கு வழி. வாடகைக்காரர்னா நோட்டீஸ், அவகாசம் எல்லாம் வேணும். விருந்தாளின்னா அந்தப் பாதுகாப்பு கிடையாது, சுலபமா வெளியேத்திடலாம். நீங்க வாடகை குடுத்ததுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

"கையில குடுத்தேன்."

"யார் கையில?"

"அவன் பொண்டாட்டி கையில."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். "புருஷனுக்கு எதிரா அவங்க வந்து சொல்லுவாங்களா?"

"எனக்காக அவ ஒரு டம்ளர் தண்ணிகூட நகர்த்த மாட்டா" என்றாள் பல்லக்கா. பிறகு, "நகை நட்டுன்னு எதையும் நான் அவன்கிட்ட கேட்டதில்லைங்க. அவன் சாப்பாட்டுல கை வச்சதில்ல. ஓசியில இருந்தேன்னு எழுதிட்டானே" என்றாள். அப்போதுதான் அழுதாள். பூட்டைப் பார்த்தபோதும் அழாதவள்.

"பேசாம காலி பண்ணிடறீங்களா? வழக்கும் முடிஞ்சிடும், நிம்மதியும் ஆச்சு."

"இப்ப போனா அதுல எழுதினது உண்மைன்னு ஆயிடும். முடியாது. அவளைக் கூப்பிடுங்க. அவளும் என் முகத்துக்கு நேரா பொய் சொல்லட்டும். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பாத்துடறேன்."

கோர்ட்டில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காமல் சுவரோரமாக உட்கார்ந்தாள். தம்பி கூண்டில் ஏறினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவனுடைய வக்கீல் கேட்கக் கேட்கத் தெளிவாகப் பதில் சொன்னான்.

"எதிர்மனுதாரர் உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்தவங்க."

"அவங்க உங்களுக்கு எப்பவாவது வாடகை குடுத்திருக்காங்களா?"

"இல்ல. அந்தம்மாவுக்கு யாரும் இல்லன்னு பாவம் பாத்து வச்சிருந்தேன். வாடகைன்னு ஒண்ணும் கிடையாது."

அந்தம்மா என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அவன் பேசும்போது முன்பல் தெரிந்தது. நாலாவது பல். இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் நிறம் மாறவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாது என்று ஏதோ ஒரு மூலையில் மனசு கணக்குப் போட்டது. அதன்பின் அவன் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

தம்பி மனைவியைச் சாட்சியாக அழைத்திருந்தது வக்கீலம்மா. அவள் யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவங்க மாசாமாசம் உங்க கையில பணம் குடுத்தாங்களா?"

தம்பி தொண்டையைக் கனைத்தான். அவள் திரும்பவில்லை.

"குடுத்தாங்க."

தம்பியின் வக்கீல் எழுந்து, மெதுவாக, உதவி செய்கிறவர் மாதிரி கேட்டார். "குடும்பத்துக்குள்ள அன்பளிப்பா ஏதோ குடுத்திருப்பாங்க, இல்லையா? வீட்டுச் செலவுக்குன்னு?"

"வாடகைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஒரு மாசம் ரெண்டு நாள் தள்ளிப்போனாகூட மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பாங்க. அன்பளிப்புக் குடுக்கிறவங்க மன்னிப்புக் கேப்பாங்களா?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். வேறு கேள்வி இருக்கிறதா என்றார். இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பும் அன்றே சுருக்கமாக வந்துவிட்டது. எழுத்து இல்லாவிட்டாலும் இது வாடகைக் குடித்தனம்தான். முடிக்க விரும்பினால் முறையான நோட்டீஸ் கொடுத்து, காலம் முடிந்தபின் வரட்டும். மனு தள்ளுபடி. இனிமேல் பூட்டுப் போடுகிற வேலை வேண்டாம் என்று நீதிபதி தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்றாள் வக்கீலம்மா. பல்லக்கா எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தம்பி கண்ணெதிரே படியிறங்கிப் போனான். பின்னால் வந்த அவன் மனைவி போகாமல் நின்றாள்.

"எனக்கு உங்க மேல பாசம்லாம் பொங்கி வழியல அண்ணி" என்றாள். "நீங்க காலி பண்ணணும்னுதான் நானும் நினைக்கிறேன். எங்கம்மாவால ஒரு படி ஏற முடியல. அவங்களுக்கும் என்னை விட்டா யாரும் இல்ல. அதுக்காக வாங்கினதை வாங்கலேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"உங்கம்மாவுக்குன்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

தம்பி மனைவி அவளை ஒருமாதிரி பார்த்தாள். "நீங்கதானே முடியாதுன்னீங்க."

"நானா?"

"அவர்கிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அண்ணிகிட்ட உக்காந்து பேசுங்க, வேற நல்ல இடம் பாத்துக் குடுங்கன்னு. பேசிட்டேன், செத்தாலும் இங்கேருந்து நகர மாட்டேன், உங்கம்மாவை வேற எங்கேயாவது தள்ளுன்னு சொல்லிட்டாங்கன்னார். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னார். அந்தக் கோவத்துலதான் பூட்டு போடறப்பகூட நான் சும்மா இருந்தேன்."

"என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலம்மா" என்றாள் பல்லக்கா.

தம்பி மனைவி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்டுக்கு வெளியே தம்பி காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தான். "போகட்டும் விடுங்க. நாம பஸ்ல போகலாம்" என்றாள் அவள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

சில வாரத்தில் முறைப்படி நோட்டீஸ் வந்தது. பல்லக்கா அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனாள்.

"இது சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. தேதி, அவகாசம், எல்லாம் ஒழுங்கு. ஆனா கவலைப்படாதீங்க, நாம நின்னா இதையும் சில வருஷம் இழுக்கலாம்."

"என்ன போட்டிருக்கு? வாடகைக்காரர்னு போட்டிருக்கா?"

"ஆமா. வாடகைக்குக் குடியிருக்கும் தாங்கள்னு இருக்கு."

"அது போதும். போயிடறேன்."

மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னால் இரண்டு அறைகள் கிடைத்தன. வெளிச்சம் நன்றாக இருந்தது. கடைக்காரர் நீட்டிய ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சாமான் கட்ட வந்தது தம்பி மனைவிதான். பிளாஸ்டர் வாய்களை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றினாள். "இதுல எங்க தெருக்காரங்க யாராவது இருக்காங்களா அண்ணி?" என்று கேட்டாள். "தொழில் ரகசியம்" என்றாள் பல்லக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் ஒரு வீட்டில் இருந்துவிட்டு, கிளம்புகிற அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு வந்தது. தம்பி கடையில் இருந்தான்.

புது இடத்துக்கு அவன் வந்தது வெகு நாளைக்குப் பிறகு, ஒரு மத்தியானம். பல்லக்கா மெழுகில் கடைவாய்ப் பல்லை நிறுத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"வாங்க" என்றாள். "உள்ள வாங்க."

தம்பி தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். வெளியே யாரும் இல்லை.

"உட்காருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தான். இளைத்திருந்தான். மனைவி தன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்றான். அத்தை கீழ் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார் என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வக்கீல்தான்கா அப்படிச் சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னா சீக்கிரம் முடியும்னார்" என்றான்.

"நான் வக்கீல் வீட்டுல குடியிருக்கல. உங்க வீட்டுலதான் இருந்தேன்."

"உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரலக்கா. எத்தனை தடவை சந்து வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன் தெரியுமா. போன்னு சொன்னா, அப்பா வீட்டுப் பங்கைக் கேப்பியோன்னு பயம். நான் அன்னைக்குக் குடுத்த வார்த்தையைச் சொல்லிக் காட்டுவியோன்னு பயம். நீ முடியாதுன்னு சொன்னதா அவகிட்ட சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னப்புறம் அதைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு."

"அந்தப் பங்கைப் பத்தி நான் ஒரு நாளாவது பேசியிருக்கேனா?"

"இல்ல."

"வார்த்தையைச் சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இல்லக்கா."

"அப்ப நீங்க பயந்தது என்னைப் பாத்து இல்லைங்க" என்றாள் பல்லக்கா. குரலில் கோபம் இல்லை. மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. சூடான கத்தியால் அதைத் தொட்டுச் சரிசெய்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்னை ஒரு தடவை டா போட்டுத் திட்டிடுக்கா. அடிக்கணும்னா அடி. இப்படிப் பேசாத."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு அவன் புத்தகப்பையையும் சேர்த்துத் தூக்கி வந்தவள் அவள். அந்த முகம்தான் இதுவும். வாயில் அந்த வார்த்தை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

"டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

டீயைக் குடித்துவிட்டுப் போனான். பிறகும் எப்போதாவது வருவான், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். அவள் முகம் கொடுத்துத்தான் பேசுவாள், வாங்க போங்க என்றே பேசுவாள். அவன் மனைவி வருகிற நாளில் மட்டும் உள்ளேயிருந்து பல்லக்காவின் குரல் வேறு மாதிரி கேட்கும். "வாடி, கதவைச் சாத்து, தூசி பறக்குது."